படிக்கும் பொறியும் ஆளைப் படிக்கும் பொறியும்

எழுபதுகளின் நடுவே ஒரு விமானப் பயணம். ரே கர்ஸ்வைல் என்னும் அமெரிக்க இளம் பொறியியலாளரின் பக்கத்து இருக்கையில் பார்வையற்ற ஒருவர் அமர்ந்திருந்தார். தமக்கு உண்மையான இடையூறு ஒன்றே, அச்சிட்ட சாதாரணத் தாளைப் படிக்க இயலாமைதான் என்றார் அவர். எந்த எழுத்துருவில் அச்சிட்டாலும் இனங்காணும் நிரலை வைத்துக்கொண்டு, அதற்கொரு பயனைத் தேடிக்கொண்டிருந்த கர்ஸ்வைலுக்கு விடை கிடைத்தது. (அவரே பின்னாளில் சொன்ன கதை இது.)

1976 ஜனவரி 13 அன்று அவருடைய வாசிப்புப் பொறி அறிமுகமாயிற்று. தாளை வருடும் கருவி, எழுத்தை இனங்காணும் நிரல், அதைப் பேச்சாக்கும் குரல் மூன்றும் அதில் ஒன்றிணைந்தன. அமெரிக்கப் பார்வையற்றோர் கூட்டமைப்பும் அம்முயற்சியில் துணைநின்றது என்பதை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். கண்டுபிடிப்பாளரின் பெயர் மட்டுமே நிற்கிறது.

அதற்கும் முன்னோடி உண்டு. 1910களில் இங்கிலாந்தில் ஃபூர்னியே டால்ப் அமைத்த ஆப்டோஃபோன், ஒளிபட்டால் மின்கடத்தும் திறன் மாறும் செலீனியத்தைக் கொண்டு அச்செழுத்துகளை இசைச் சுரங்களாக மாற்றியது. மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற இளம்பெண் 1918இல் அதைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். மிக மெதுவாகத் தொடங்கிய அவர், பிற்பாடு நிமிடத்துக்கு 60 சொற்கள் வரை எட்டினார். பொறி ஒலித்தது, அவ்வளவே. படித்தது அவருடைய செவி.

கர்ஸ்வைலின் பொறி அந்த உழைப்பையும் குறைத்தது. கூடை முடைதல், பிரம்பு பின்னுதல், பியானோ சுருதி சேர்த்தல் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்கள், பிறர் துணையின்றிக் கோப்பைப் படிக்க வழி பிறந்தது. 1978இல் அதே எழுத்துணர் நிரல் வணிகத்துக்கு வந்தது. சட்ட ஆவணங்களைக் கணினியில் ஏற்றப் பயன்பட்டது. பார்வையற்றோருக்காக உருவானது அலுவலகங்களின் பொதுச் சொத்தாயிற்று.

ஆனால், எழுத்தை இனங்காணக் கற்ற பொறி, பின்னர் முகத்தையும் குரலையும் கற்றது. இன்று அது வேலைவாசலில் அமர்ந்து ஆளைப் படிக்கிறது. ஹயர்வியூ நிறுவனத்தின் காணொலி நேர்காணல் முறைமீது 2019 நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒரு தன்னுரிமை அமைப்பு முறையிட்டது. முக ஆய்வைக் கைவிட்டுவிட்டதாக 2021 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. பேச்சுக் குறைபாடுள்ளவரின் பேச்சுப்பாங்கை நிரல் மதிப்பிட்டுத் தள்ளிவிடக்கூடும் என்று சமவேலைவாய்ப்பு ஆணையம் 2022 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி எச்சரித்தது. 2025 ஜனவரியில் அவ்வழிகாட்டி ஆணையத்தின் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. அதைத் தெளிவாக்கிய ஏடுதான் இல்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் இடஒதுக்கீட்டை 3லிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. தனியார் வாசலில் அந்தக் கணக்கு செல்லாது. என்னிடம் முதுகலை பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர் அண்மையில் அப்படியொரு காணொலி நேர்காணலுக்கு அமர்ந்தார். கேமராவை நேராகப் பார்க்கவும் என்று திரையில் மும்முறை எழுத்து வந்ததாம். அதை அவருக்குப் படித்துச் சொன்னது, அவருடைய கணினியின் திரைவாசிப்பான்.