திப்புவின் வாளும் கோவைக் கோட்டையும்

‘தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ என்ற இந்தித் தொடர் 1990-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. பகவான் கித்வானி 1976-இல் வெளியிட்ட நாவல் அதன் மூலம். திப்புவாக நடித்தவர் சஞ்சய் கான். 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் படப்பிடிப்பின்போது மூண்ட தீ 62 உயிர்களைப் பலிகொண்டது. கடும் தீக்காயங்களோடு பிழைத்த சஞ்சய் கான், நீண்ட சிகிச்சைக்குப் பின் திரும்பிவந்து தொடரை முடித்தார். நாவலைத் தழுவிய கற்பனை என்ற அறிவிப்போடுதான் அது ஒளிபரப்பானது. ஆனாலும் திப்புவின் போர்களை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அந்தத் தொடரில்தான் என்று சொல்லக்கூடியவர்கள் பல்லாயிரம் பேர்.

அந்தப் போர்களில் ஒன்றின் களம் கொங்கு நாடு. கோவை காந்திபுரத்திலிருந்து கணபதி, சரவணம்பட்டி, அன்னூர், புளியம்பட்டி வழியாகப் போகும் சத்தி சாலை பவானி ஆற்றைத் தொடும் சத்தியமங்கலத்திலும், கோவைக் கோட்டையிலும் 1790-91-இல் நடந்தவை, குண்டுமழையில் படை நடத்துவது எப்படிப்பட்டது என்பதை எந்த நாடகத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

அப்போது கோவை திப்பு ஆண்ட மைசூர் அரசின் பகுதி. மைசூர் மேட்டுநிலத்துக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் நடுவே இருந்ததால் இதைப் பிடித்தவருக்கு இருபக்கமும் வழி திறந்தது. 1789 டிசம்பர் இறுதியில் திப்பு திருவிதாங்கூரின் எல்லை அரணைத் தாக்க, அதன் நட்பு நாடாக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி போரில் இறங்கியது. திருச்சியிலிருந்து புறப்பட்ட கம்பெனித் தளபதி மெடோஸ் 1790 கோடையில் கரூர், அரவக்குறிச்சி, தாராபுரம் ஆகியவற்றைப் பிடித்து ஜூலையில் கோவையை அடைந்தார். ஈரோடும் சத்தியமங்கலமும் ஆகஸ்டில் விழுந்தன. வெற்றி எளிதாக வந்ததே மெடோஸுக்குக் கேடாயிற்று. படை பல கோட்டைகளில் சிதறிக் கிடந்தது.

சத்தியமங்கலத்தில் இருந்தவர் கர்னல் ஃபிளாய்டு. கஜ்ஜலஹட்டிக் கணவாய் வழியே திப்பு பெரும்படையோடு இறங்குகிறார் என்று அவருடைய ஒற்றர்கள் சொன்னார்கள். அவர் தலைமையிடத்துக்கு எழுதினார். மெடோஸ் அதைப் பொருட்படுத்தாமல், இடத்தை விடக்கூடாது என்று உத்தரவிட்டார். செப்டம்பர் 13 அன்று திப்புவின் படை பவானியைக் கடந்தது. காலையில் குதிரைப்படைகள் மோதின. பிறகு பொழுது சாயும்வரை திப்புவின் பீரங்கிகள் ஓயவில்லை. மறைவிடம் இல்லாத வெளியில் ஃபிளாய்டின் ஆட்கள் அடிபட்டுக்கொண்டே நின்றார்கள். பீரங்கி இழுக்கும் மாடுகள் பல செத்துப்போயின. அன்றிரவு அவர் எடுத்த முடிவு பின்வாங்குவது. சில பீரங்கிகளை விட்டுவிட்டே கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் வழி நெடுகத் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு சேவூர் வரை வந்தார். அங்கு நடந்த சண்டையில் திப்புவின் மைத்துனரும் தளபதியுமான புர்ஹானுத்தீன் இறந்தார். திப்பு பின்தொடர்வதை நிறுத்திக்கொண்டார். ஃபிளாய்டின் படை மெடோஸோடு போய்ச் சேர்ந்தது. கணவாயிறக்கத்தையும் ஆற்றைக் கடந்ததையும் அத்தனை விரைவாக முடித்த திப்பு, கைக்கெட்டிய படையை முழுதாக முறிக்காமல் விட்டது பெரிய பிழை. எனினும் ஈரோடும் தாராபுரமும் சில வாரங்களில் மீண்டும் அவர் கைக்கு வந்தன.

அடுத்த ஆண்டு கோவை முற்றுகை. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு 1791 மார்ச்சில் பெங்களூரைப் பிடித்திருந்த நேரம் அது. கம்பெனி வசம் இருந்த கோவைக் கோட்டை முற்றுகையைத் தாங்காது என்று கருதி நல்ல பீரங்கிகளையும் வெடிமருந்தையும் பாலக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காவலுக்கு விடப்பட்டவர் சால்மர்ஸ் என்ற லெப்டினன்ட். அவரிடம் இருந்தவர்கள் போர்த்துகீசிய வழிவந்த இந்திய வீரர்கள் 120 பேரும், திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் 200 பேரும். அந்தச் சிப்பாய்களுக்கு அதிகாரி தெ லா கோம்ப் என்ற பிரெஞ்சுக்காரர். கழித்துப்போட்ட பீரங்கிகளில் இரண்டு மூன்றைத் தேடியெடுத்து, உடைந்த வண்டிகளைச் சரிசெய்து மதில்மேல் ஏற்றினார் சால்மர்ஸ். ஜூன் மாதம் வந்த மைசூர்ப் படை சரணடையச் சொன்னது, அவர் மறுத்தார். ஆகஸ்ட் 11 அன்று மதிலேறி நடத்திய தாக்குதல் முறியடிக்கப்பட்டது. பாலக்காட்டிலிருந்து மேஜர் கப்பேஜ் வந்து முற்றுகையை விலக்கினார்.

அக்டோபரில் திப்பு தன் தளபதி கமருத்தீன் கானை மிகப்பெரிய படையோடு அனுப்பினார். இடையில் லெப்டினன்ட் நாஷ் ஒரு பிரிவுச் சிப்பாய்களோடு வந்து சேர்ந்ததால் கோட்டையில் சுமார் 700 பேர் இருந்தார்கள். கப்பேஜ் மறுபடியும் உதவிக்குப் புறப்பட்டார்.  கமருத்தீன் பாலக்காட்டு வழியை அடைக்கப் போவதுபோல நகர்ந்தார். தன் பின்புறம் அறுபட்டுவிடும் என்று அஞ்சி கப்பேஜ் திரும்பிப் போனார். ஒரு கோட்டையின் தலைவிதியை இந்த ஒரு நகர்வு முடித்தது. இந்தப் போரில் கமருத்தீனின் திறமைக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. சால்மர்ஸும் நாஷும் காயம்பட்டார்கள், மதில் உடைந்தது, நவம்பர் தொடக்கத்தில் கோட்டை சரணடைந்தது. வீரர்களைப் பாலக்காட்டுக்குப் போகவிடுவது என்பது ஒப்பந்தம். திப்பு அதை ஏற்கவில்லை. அவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். வாக்கு மீறிய இந்தச் செயலைத் திப்புவின் வீரத்தைப் போற்றுபவர்களும் மறைக்கக்கூடாது. 1792 பிப்ரவரியில் தலைநகரையே எதிரிகள் சூழ்ந்தபோது, சமாதானக் கடிதத்தைக் காரன்வாலிஸிடம் கொண்டுபோகத் திப்பு விடுவித்து அனுப்பியது இதே சால்மர்ஸைத்தான்.

ஒரு நாயகனைச் சுற்றி எழுதப்படும் தொடருக்கு இந்த இரண்டு ஆண்டுகள் எளிதில் அடங்காது. இங்கே முடிவெடுத்தவர்கள் பலர்: எச்சரிக்கையை நம்பாத மெடோஸ், இருட்டில் பின்வாங்கிய ஃபிளாய்டு, பழைய பீரங்கியை நம்பிய சால்மர்ஸ், ஒரு நகர்வில் வென்ற கமருத்தீன். மதில்மேல் நின்ற திருவிதாங்கூர்ச் சிப்பாய்களும், பவானியில் இறங்கிய மைசூர் வீரர்களும், இரு படைகளுக்கும் நெல்லும் மாடும் பறிகொடுத்த கொங்குக் குடியானவர்களும் பெயரில்லாமல் போனார்கள். கம்பெனி அதிகாரிகள் எழுதி வைத்த வரலாறு கம்பெனி அதிகாரிகளின் பெயர்களையே அதிகம் காத்தது.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. திண்டுக்கல்லும் பாராமகாலும் மலபாரும் கம்பெனிக்குப் போயின. கோவை திப்புவிடமே இருந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் போரிட்டு இறந்த பிறகே அது கம்பெனியிடம் சென்றது. கோவைக் கோட்டை இன்று இல்லை. அது இருந்த பகுதிக்குக் கோட்டைமேடு என்ற பெயர் நிலைத்திருக்கிறது.