நுரையீரல் காசநோயும் சிறுநீரக அமிலாய்டு படிவும்

காசநோய், மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் சீழ்க்கட்டி போன்ற தொற்றுகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தால், கிருமி சிறுநீரகத்தை எட்டாமலேயே சிறுநீரகம் பழுதடையக்கூடும். இதற்குக் காரணம் அமிலாய்டு என்னும் பொருள் அங்கே படிவதாகும். காசநோய்க் கிருமி இரத்தத்தின் வழியே சென்று சிறுநீரகத்தையே தாக்கும் 'சிறுநீரகக் காசநோய்' இதிலிருந்து வேறானது.

பெயர் வந்த வரலாறு

மருந்துகள் இல்லாத 19ஆம் நூற்றாண்டில், நெடுநாள் காசநோயால் இறந்தோரின் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவை வீங்கி மெழுகுபோல் இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். வியன்னாவின் கார்ல் ரோகிடான்ஸ்கி 1842இல் இம்மாற்றத்தை விவரித்தார். செருமானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ, அயோடின் பட்டதும் இத்தகைய படிவு மாவுச்சத்தைப் போல நிறம் மாறுவதைக் கண்டு, 1854இல் 'அமிலாய்டு' என்று பெயரிட்டார். 'மாவுச்சத்து போன்றது' என்பது இதன் பொருள். ஆனால் அது மாவுச்சத்து அன்று, புரதமே என 1859இல் ஃபிரீட்ரைக், கெகுலே இருவரும் காட்டினர். கருத்து திருந்தியது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1922இல் பென்ஹோல்ட் காங்கோ சிவப்புச் சாயத்தால் இதனை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்தார். 1959இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி, இப்படிவு மெல்லிய இழைகளால் ஆனது என்று காட்டியது.

பாதிப்பு ஏற்படும் விதம்

உடலில் அழற்சி உள்ளபோது கல்லீரல் 'சீரம் அமிலாய்டு ஏ' என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. தொற்று ஆறாமல் நீடித்தால், சிலருக்கு இப்புரதத்தின் துண்டுகள் இழைகளாகி, சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகளில் படிகின்றன. வடிகட்டி பழுதாகிச் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது. சிறுநீர் நுரைத்துப் போவதும், கால், முகம் வீங்குவதும் இதன் அறிகுறிகள். நாளடைவில் சிறுநீரகம் செயலிழக்கலாம்.

தடுப்பு

படிந்த இழைகளை அகற்றுவது கடினம். ஆகவே மூலநோயைக் குணமாக்குவதே முதன்மையான வழி. 1943இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பின் இது கைகூடியது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வோரும் சானடோரியத்தில் தங்குவோருக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைவதை 1959இல் மெய்ப்பித்தது. மருத்துவமனையில் இடம் கிடைக்காத ஏழைகளுக்கும் இதனால் சிகிச்சை எட்டியது.

எனினும் இந்தியாவில் இவ்வகை அமிலாய்டு நோய்க்குக் காசநோய் இன்றும் ஒரு முக்கியக் காரணமாக உள்ளது. நெடுநாள் நுரையீரல் நோயாளிக்குக் கால் வீங்கினால், சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பார்க்கும் எளிய சோதனையே இதனைக் கண்டறிய முதற்படியாகும்.