வெளியுறவுக் கொள்கை முடிவெடுப்பு மாதிரிகள்

‘மாஸ்கோ மறுத்தது’, ‘வாஷிங்டன் எச்சரித்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது ஒரு நாட்டையே ஒற்றை ஆளாக்கிவிடுகின்றன. அரசு தன் நலனை எடைபோட்டு, இருக்கும் வழிகளில் இலாபமானதைத் தேர்கிறது என்னும் பகுத்தறிவு மாதிரிக்கும் இதுவே அடிப்படை. அமெரிக்க அரசியல் அறிஞர் கிரகாம் அலிசன் 1971இல் வெளியிட்ட ‘எசன்ஸ் ஆஃப் டிசிஷன்’ நூலில், 1962 அக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொண்டு இதனோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார். துறைகள் தத்தம் வாடிக்கைப்படி செய்வதே கொள்கையாகிவிடுகிறது என்பது நிறுவனச் செயல்முறை மாதிரி. பதவியில் இருப்பவர்களின் பேரமும் இழுபறியும் முடிவைத் தருகின்றன என்பது அரசாங்க அரசியல் மாதிரி. மூன்றும் சமவலிமை உள்ளவை என்று பாடநூல்கள் அடுக்குவதுண்டு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை.

நிறுவன மாதிரிக்குத்தான் கைவசம் சரக்கு அதிகம். கியூபாவுக்கு ஏவுகணைகளை இரகசியமாகக் கப்பலில் கொண்டுவந்த சோவியத் படை, இறக்கியபின் தளங்களைச் சொந்த நாட்டில் அமைக்கும் அதே வடிவில் அமைத்தது. மறைப்பும் சரியாக இல்லை. பனைமரங்களே மறைத்துவிடும் என்று முன்னதாகப் பார்வையிட வந்த அதிகாரிகள் நம்பினார்கள்; ஏவுகணையோ 20 மீட்டருக்கும் மேல் நீளம். அக்டோபர் 14 அன்று அமெரிக்க யூ-2 உளவு விமானம் எடுத்த படங்களில் நிபுணர்கள் தளங்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். இரகசியம் காப்பதே நோக்கம் என்றால் இப்படிச் செய்வானேன்? சோவியத் தலைவர் குருஷ்சேவின் மனதைத் துருவுவதைவிடப் படையின் பழக்கத்தைப் பார்த்தால் விடை எளிதாகக் கிடைக்கிறது.

அரசாங்க அரசியல் மாதிரி இவ்வளவு தேறவில்லை. நாற்காலியே நிலைப்பாட்டைத் தீர்மானிக்கிறது என்பது அதன் வாதம். ஆனால் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா கடல் முற்றுகை போதும் என்றார். நிதியமைச்சர் டில்லனோ விமானத் தாக்குதலின் பக்கம் சாய்ந்தார். துருக்கியிலிருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை அகற்றும் வாக்குறுதி அக்டோபர் 27 இரவு சோவியத் தூதர் தொப்ரினினிடம் இரகசியமாகத் தரப்பட்டது. அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசனைக் குழுவில் பலருக்கு அதுவே தெரியாது. குழுவுக்குள் நடந்த பேரத்தால் அதை எப்படி விளக்குவது?

அதிகாரவர்க்கத்தின்மேல் பழியைப் போட்டால் தலைவர் தப்பித்துக்கொள்வார் என்று அரசியல் அறிஞர் ஸ்டீபன் கிராஸ்னர் 1972இலேயே எதிர்த்தார். வாடிக்கைகளை அனுமதிப்பதும் அதிகாரிகளைத் தேர்வதும் அதிபர்தானே? நியாயமான கேள்வி. ஆனால் அதிபரின் கை எட்டுவதற்கு எல்லை உண்டு. அதே 27ஆம் தேதி கியூபாவின் மேலே ஒரு யூ-2 விமானத்தைச் சோவியத் தளபதிகள் மாஸ்கோவைக் கேட்காமலே வீழ்த்தினார்கள். விமானி ஆண்டர்சன் இறந்தார். இன்னொரு யூ-2 வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. இரண்டையும் எந்தத் தலைவரும் தேரவில்லை. விமானம் வீழ்ந்தால் சுட்ட தளத்தைத் தாக்குவது என்று வாஷிங்டனில் முன்பே முடிவாகியிருந்தது. அந்த முடிவு தானாக ஓடவிடாமல் கென்னடி தடுத்தார். அங்கே மட்டும் கிராஸ்னர் சொல்வது பலிக்கிறது.