மேடை விளக்குப் பல்முனைச் செருகிகள்

மேடை விளக்குகளுக்கான பல மின்தடங்களை ஒரே கேபிளில் சேர்த்துக் கொண்டுபோக உதவும் கனெக்டர்கள் பல்முனைச் செருகிகள் எனப்படும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜி.எஸ்.டி. சாலைக் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை டி.ஜே. மேடைகளிலும் பிழைக்கும் லைட் செட் தொழிலுக்கு இவை தாமதமாக வந்தன. வந்த சில காலத்திலேயே அவற்றின் வேலையும் குறைந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் இந்த வட்டாரத்து மேடையைத் தாங்குவது பதினைந்து ஆம்ப் உருண்டை பின் பிளக்தான்.

அது ஆங்கிலேயர் விட்டுப்போன பிளக். பிரிட்டனின் பி.எஸ். 546 தரத்து மூன்று பின் வடிவத்தை இந்தியாவின் ஐ.எஸ். 1293 தரம் தழுவிக்கொண்டது. இப்போது தாளில் 6, 16 ஆம்பியர் என்று இருந்தாலும், கடையில் இன்றும் இந்தப் பிளக்கை 'அஞ்சு ஆம்ப் டாப், பதினைஞ்சு ஆம்ப் டாப்' என்றுதான் கேட்கிறார்கள். பிரிட்டனில் வீடுகள் 1947-இல் வந்த, உள்ளே ஃபியூஸ் வைத்த சதுர பின் பிளக்குக்கு மெல்ல மாறின. நாடக அரங்குகள் மாறவில்லை. அங்கே ஃபியூஸ், விளக்கை மங்கவைக்கும் டிம்மரிலேயே இருக்கிறது. உயரத்தில் தொங்கும் விளக்கின் பிளக்கிலும் ஒன்று இருந்தால், அது போகும்போதெல்லாம் ஏணி போட வேண்டும். இப்படி லண்டனில் அரங்க விளக்குக்கென்று ஒதுங்கிப்போன பிளக், தாம்பரத்தில் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போடும் பிளக். எந்த மண்டபத்துச் சுவரிலும் செருகலாம் என்பது வசதி. அந்தச் சுவரின் வயரிங் தாங்குமா என்று பார்க்காமல் செருகிவிடுகிறார்கள் என்பதே ஆபத்தும்.

இந்தப் பிளக் ஒரு தடத்துக்குத்தான் ஆகும்; ஆனால் பல தடங்கள் என்ற தேவை டிஸ்கோவுக்குக் காத்திருக்கவில்லை. கோயில் வாசல் சீரியல் செட்டில் தாமரை விரிந்து மூட, அம்மன் கையிலிருந்து ஒளி ஓட, பல்புகள் குழுக்குழுவாக எரிந்து அணைய வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடு வருவதற்கு முன் அதைச் செய்தது மோட்டாரில் சுழலும் ஓர் உருளை. அதன்மேல் செப்புத் தகடுகள் அடித்திருக்கும். வரிசையாக நிற்கும் உலோக நாக்குகள் தகட்டைத் தொடும்போது அந்தந்தக் குழுவுக்கு ஃபேஸ் போகும். நியூட்ரல் எல்லாவற்றுக்கும் பொது. தொட்டு விடும் ஒவ்வொரு முறையும் சின்னப் பொறி பறக்கும், தகடு கறுக்கும், தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். உருளைக்கும் பல்புகள் பதித்த கட்அவுட்டுக்கும் இடையிலான வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் இணைப்பு முடிந்தது.

இதே மின்கணக்கை 1970, 80-களில் இங்கிலாந்தின் நடமாடும் டிஸ்கோக்காரர்கள் புல்ஜின் எட்டு பின் கனெக்டருக்குள் அடக்கினார்கள். ஆர்தர் புல்ஜின் 1923-இல் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. பாட்டுக்கேற்ப மினுக்கும் மூன்று நான்கு தடங்கள், பொது நியூட்ரல், எர்த் எல்லாம் ஒரே பிளக்கில். அவர்கள் கனெக்டரால் செய்ததை நம்மவர்கள் டேப்பால் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பலவீனம் இரண்டிலும் ஒன்றே: எல்லாத் தடமும் ஒரே ஃபேஸில் எரியும்போது அத்தனை மின்னோட்டமும் கூடி அந்த ஒரே நியூட்ரல் வழியாகத் திரும்பும். புல்ஜின் பின்னோ ஆறு ஆம்ப் அளவுக்குத்தான் தாங்கும். கலர் பல்புகள் வரை அது போதும்.

பார் கேன் என்ற மேடை விளக்கு வந்ததும் அது போதவில்லை. பார் 64 விளக்கு ஒன்று 1000 வாட். 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்ப் இழுக்கும். ஆறு விளக்கைத் தனித்தனியே மங்கவைக்க ஆறு கேபிள், விளக்குகள் தொங்கும் ட்ரஸ்ஸில் ஏற வேண்டும். பிரெஞ்சு நிறுவனமான சோக்காபெக்ஸின் பெயரால் வழங்கும் 19 பின் கனெக்டர் அந்த ஆறையும் ஒன்றாக்கியது. தடத்துக்கு ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த் என 18 பின். பத்தொன்பதாவது சும்மா இருக்கும். பொது நியூட்ரல் என்ற சங்கடம் அத்தோடு தீர்ந்தது. ஜெர்மனியின் ஹார்ட்டிங் 1956-இல் 'ஹான்' என்ற பெயரில் ஆலை இயந்திரங்களுக்காகக் கொண்டுவந்த, லீவரை மடித்துப் பூட்டும் செவ்வகக் கனெக்டரும் மேடைக்கு வந்தது. சென்னையில் இவை பெரிய வாடகை நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தன. விலை ஒரு காரணம். இன்னொன்று, முகூர்த்தத்துக்கு முந்தின இரவு ஒரு பின் கருகினால் மாற்று வாங்க மின்னணுச் சாமான் கடைகள் உள்ள ரிச்சி தெரு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பதினைந்து ஆம்ப் டாப் சேலையூர் மூலைக் கடையிலும் தொங்குகிறது.

புறநகர் முழுதாக ஏற்றுக்கொண்டது ஜெனரேட்டர் பக்கத்தில் உள்ள 'இண்டஸ்ட்ரியல் சாக்கெட்'டை. ஐ.இ.சி. 60309 தரத்தைச் சேர்ந்த இதில் நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட். 16, 32, 63, 125 ஆம்ப் அளவுகள். எர்த் பின் மற்றவற்றைவிடத் தடிமன், அதுதான் முதலில் தொடும். ஐந்து பின் சிவப்பு வகையில் மூன்று ஃபேஸும் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்தே வருவதால், அவற்றை மாற்றிச் செருக வழியில்லை. வெறும் வயரைப் போல்ட்டில் சுற்றும் பழைய முறையில் நியூட்ரல் மட்டும் தளர்ந்துவிடும்; அப்போது சுமை குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400-ஐ நோக்கி ஏறும். கீபோர்டும் மிக்ஸரும் எல்.இ.டி. சுவரும் அந்த ஃபேஸில் இருந்தால் கச்சேரி அத்தோடு சரி.

பல்முனைச் செருகியின் வேலையைக் குறைத்தது எல்.இ.டி. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் டிம்மர் புகுந்துகொண்டது. மங்கலும் நிறமும் 1986-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். 512 கட்டளைகளாகத் தனி வயரில் போகின்றன. மின்சாரத்துக்கு இனி ஒரே தடம் போதும், அதையும் விளக்கிலிருந்து விளக்குக்குத் தாவவிடலாம். இங்கே சாதாரணமாகப் புழங்கும் 54 பல்பு, மூன்று வாட் எல்.இ.டி. பார் கணக்குப்படி 162 வாட்தான். தாவும் இணைப்புக்கு லீக்டென்ஸ்டைன் நாட்டின் நியூட்ரிக் செய்த பவர்கானும் அதன் நகல்களும் பயன்படுகின்றன: நீலம் உள்ளே, வெளிர்சாம்பல் வெளியே. சுமை ஓடும்போது கழற்றக் கூடாதது அதன் குறை. பின்னர் வந்த ட்ரூ1 வகை அதைச் சரிசெய்தது.

ஆனால் பவர்கான் கேபிளின் மறுமுனையில் பெரும்பாலும் இருப்பது பதினைந்து ஆம்ப் டாப்தான். லைட் செட்காரர்கள் மின்சாரத்தைப் பிரிக்கத் தாங்களே செய்துகொள்ளும் பெட்டியும் அதற்கேற்றதே: முன்னால் சிவப்பு ஐந்து பின் நுழைவு, உள்ளே ஃபேஸ் வாரியாக, சுமை மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி., பின்னால் வரிசையாக உருண்டை பின் சாக்கெட்டுகள். கவனமானவர்கள் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் வைக்கிறார்கள்.