இளந்தளிர்களை நடத்தினவர்கள்



சிறு பிள்ளைகளுக்கான கல்வியைப்பற்றிப் பேசும்போது ஃபிரோபெல் என்னும் ஜெர்மானியரின் பெயரை முதலில் சொல்வது வழக்கம். அவர் 1837 இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840 இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’, அதாவது ‘பிள்ளைகளின் தோட்டம்’ என்று பெயரிட்டார். அப்பெயர் உலகமெங்கும் பரவிற்று. எனினும் அதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்னரே, ஓர் ஏழை மலைநாட்டுத் திருச்சபை, பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கென்று ஆசிரியைகளை ஏற்படுத்தியிருந்தது. இவ்வாரம் அவர்களைக் குறித்துத் தியானிப்போம்.

பிரான்சு தேசத்தின் கிழக்கு எல்லையில், வோஜ் மலைகளின் நடுவே, பான் தெ லா ரோஷ் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 18 ஆம் நூற்றாண்டில் அது வறுமைக்குப் பேர்போன இடம். நிலம் விளைச்சல் குன்றியது, குளிர்காலமோ நீண்டது. வெளியூர் செல்ல நல்ல சாலை கிடையாது. மக்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். வெளியார்க்கு எளிதில் விளங்காத ஒரு வட்டார மொழியைப் பேசினார்கள்.

1750 இல் அங்கே வந்த ஸ்டூபர் என்னும் போதகரைப்பற்றி ஒரு செய்தி வழங்கிவருகிறது. பள்ளிக்கூடம் எங்கே என்று அவர் கேட்டாராம். ஒரு குடிசைக்கு அழைத்துச்சென்றார்கள். அங்கே பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, முதியவர் ஒருவர் கட்டிலில் படுத்திருந்தார். அவரே ஆசிரியர். என்ன கற்பிக்கிறீர் என்று போதகர் வினவ, தமக்கே ஒன்றும் தெரியாததால் ஒன்றும் கற்பிப்பதில்லை என்றார் அவர். முன்பு ஊராரின் பன்றிகளை மேய்த்துவந்ததாகவும், தள்ளாமையினால் அது முடியாமற்போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி விட்டிருப்பதாகவும் சொன்னாராம். பன்றிகளுக்குப் பலமுள்ள மேய்ப்பன் வேண்டும், பிள்ளைகளுக்கு எவரும் போதும் என்று அவ்வூர் எண்ணியிருந்தது. அந்த எண்ணம் அந்தப் பள்ளத்தாக்கோடு முடிந்துபோயிற்று என்று நம்மால் சொல்லக்கூடுமா?

ஸ்டூபர் அந்நிலையை மாற்றப் பாடுபட்டார். 1767 இல் அவருக்குப்பின் ஜான் ஃபிரெடெரிக் ஓபர்லின் என்னும் 26 வயதுப் போதகர் வால்டர்ஸ்பாக் ஊருக்கு வந்தார். ஐந்து கிராமங்கள் அவருடைய மேய்ப்புக்குட்பட்டிருந்தன. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளிகளை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கும் குறைந்த வயதுடைய பிள்ளைகளின் நிலை என்ன? தாயும் தகப்பனும் வயலுக்கும் காட்டுக்கும் செல்ல, அவர்கள் கேட்பாரற்றுத் திரிந்தார்கள்.

இதற்கு விடை போதகரிடமிருந்து வரவில்லை; பெல்மோன் கிராமத்தில் வாழ்ந்த சாரா பான்சே என்னும் இளம்பெண்ணிடமிருந்து வந்தது. எவரும் ஏவாமலே அவர் தம் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, அவர்களுக்குப் பின்னல்வேலை கற்றுக்கொடுத்துவந்தார். அது வீண்பொழுது என்று அவருடைய தகப்பனார் தடுத்தார். ஏழைக் குடியானவர் வீட்டில் உழைக்கும் மகளுடைய ஒவ்வொரு மணி நேரமும் உணவாயிருந்ததென்பதை நினைத்தால், அந்தத் தகப்பனாரைக் குறைகூற மனம் வராது. செய்தியறிந்த ஓபர்லின் என்ன செய்தார்? தியாகத்தைப்பற்றி அந்தக் குடும்பத்திற்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அவர்களோடு பேசி, 1769 இல் சாராவைச் சம்பளத்திற்கு அமர்த்தி ஒப்பந்தம் செய்துகொண்டார். தகப்பனார் வீண்பொழுது என்றதை, சபை ஓர் உத்தியோகமாக ஏற்படுத்திற்று.

அதைப் பின்பற்றி மற்றக் கிராமங்களிலும் பெண்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓபர்லினும் அவர் மனைவி மதலேனும் அவர்களைப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் கூடிய இடத்திற்குப் ‘பின்னல் கணப்பறை’ என்னும் பொருள்படும் பெயர் வழங்கிற்று. குளிர்காலத்தில் வீட்டில் நெருப்பு மூட்டி வெப்பமாக வைத்திருக்கும் அறையே கணப்பறை. ஆசிரியைகளுக்கு இடப்பட்ட பெயரோ ‘இளந்தளிர்களின் வழிநடத்துநர்கள்’ என்பது. தளிரை இழுத்து வளர்க்க இயலாது; காற்றும் கால்நடையும் அழிக்காதபடி காத்து, அது வளரும் திசையில் துணைநிற்கலாம். அந்தப் பெயரிலேயே பணியின் இலக்கணம் அடங்கியிருந்தது.

அவ்வறையில் நடந்தது என்ன? பிள்ளைகள் ஆசிரியையைச் சுற்றி அமர்ந்தார்கள். மூத்தவர்களுடைய விரல்கள் பின்னலில் ஈடுபட்டிருக்க, சிறியவர்கள் விளையாடினார்கள். ஆசிரியை வேதாகமக் கதைகளைச் சொல்லிப் படங்களைக் காட்டினார், செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிப் பேசினார், பாட்டுக் கற்றுக்கொடுத்தார். கோடைகாலத்தில் அவர்களை வெளியே அழைத்துச்சென்று, உண்ணத்தக்க செடி எது, நச்சுச்செடி எது என்று அடையாளங்காட்டினார். பஞ்சம் அடிக்கடி வந்த நாட்டில் அது உயிர்காக்கும் அறிவு. தங்கள் பள்ளத்தாக்கின் வரைபடத்தைப் பார்த்துத் தம் ஊர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் விரல்வைத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பிரெஞ்சுப் பெயரையும் கற்றார்கள். மலைக்கு வெளியேயுள்ள உலகத்தின் கதவு அம்மொழியால் திறந்தது. அக்காலத்துப் படங்களும் உலர்த்திய செடிகளும் வால்டர்ஸ்பாக்கில் ஓபர்லினின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால் சிறுபிள்ளை ஆசிரியையின் பொறுப்பு எத்தன்மையது என்பது விளங்கும். பிள்ளையின் உடலுக்கு அவள் காவல். அதன் கைக்குத் தொழிலும் நாவுக்குச் சொல்லும் தருகிறவள் அவளே. தன் தாய் அல்லாத ஒருவர் தன்னை நேசிக்கக்கூடும் என்பதைக் குழந்தை முதன்முதல் அறிவதும் அவளிடத்தில்தான். இவை யாவும் நன்றாய் நடந்தேறினால், பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு அவற்றில் எதுவும் நினைவிலிராது. மூன்று வயதில் தன் மூக்கைத் துடைத்தவர் யார் என்று எவருக்கு ஞாபகமிருக்கும்? மறக்கப்படுவது இந்த ஊழியத்தின் இயல்பிலேயே இருக்கிறது.

சாரா பான்சே 1774 இல், முப்பது வயதை எட்டுமுன்னரே மரித்தார். அப்பணியைப் பிற்காலத்தில் நெடுநாள் தாங்கியவர் பெல்ஃபோஸ் கிராமத்து லூயிஸ் ஷெப்லர். 1763 இல் பிறந்த அவர் 15 ஆம் வயதில் ஓபர்லினின் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்தார். அந்த வீட்டு வேலையோடு பிள்ளைகளின் ஆசிரியையாகவும் உழைத்தார்; பனிக்காலத்திலும் மலைப்பாதைகளைக் கடந்து கிராமங்களுக்குச் சென்றுவந்தார். 1783 இல் போதகரின் மனைவி மரித்தபோது தாயற்ற பிள்ளைகளை வளர்க்கும் பாரமும் அவர்மேல் விழுந்தது. பின்னர் அவர் போதகருக்கு ஒரு கடிதம் எழுதி, தமக்கு இனிச் சம்பளம் கொடுக்கவேண்டாம் என்றும், தம்மைப் பிள்ளைகளில் ஒருத்தியாக எண்ணவேண்டும் என்றும் மன்றாடினார்.

இந்தப் பள்ளத்தாக்கின் புகழ் பரவியபோது கனம் முதலில் போதகரையே வந்தடைந்தது. 1819 இல் மன்னர் பதினெட்டாம் லூயி அவருக்கு லீஜன் ஆஃப் ஆனர் விருதளித்தார். 1826 இல் அவர் மறைந்தார். 1829 இல் பிரெஞ்சு அகாதமி, நற்பண்புக்கென ஏற்பட்ட மோன்தியோன் பரிசை லூயிஸ் ஷெப்லருக்கு வழங்கியது. 5000 பிராங்கு பரிசுத்தொகையை அவர் பிள்ளைகளின் பணிக்கே செலவிட்டார். பரிசுரை வழங்கிய புகழ்பெற்ற விஞ்ஞானி குவியே, குழந்தைப் பள்ளி என்னும் கருத்துக்குரிய பெருமை இந்த ஏழைக் குடியானவப் பெண்ணையே சாரும் என்று மொழிந்தார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்தான். ஆயினும் சாராவின் ஒப்பந்தம் எழுதப்பட்ட 1769 இல் லூயிஸுக்கு ஆறு வயதும் நிறைந்திருக்கவில்லை. ஆசிரியைகளை உலகம் கனம்பண்ணிய அந்த நாளிலும் முதலாவது ஆசிரியையின் பெயர் மறைந்தே கிடந்தது.

அன்பானவர்களே, இந்த வரலாற்றில் ஒப்பந்தம் ஒன்று உண்டு. சம்பளத்தைத் துறந்த கடிதம் ஒன்றும் உண்டு. நமக்குக் கடிதமே அதிகம் பிடிக்கிறது. லூயிஸைப்போல் கூலி நோக்காது உழைக்கும் ஆசிரியைகளைப் புகழ்ந்து பேசுவது நமக்கு எளிது. அதனால் செலவு ஒன்றுமில்லை. பால்வாடி ஆசிரியைக்கு ‘சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைதானே’ என்று சொற்பமாய்க் கொடுத்துவிட்டு, அவளுடைய பொறுமையை ஊழியம் என்று பாராட்டுகிறோம். அப்போஸ்தலனாகிய பவுலை நினைத்துப்பாருங்கள். ஊழியம் செய்கிறவருக்குப் பிழைப்புக்கான உரிமை உண்டென்று கொரிந்து சபைக்கு அவர் வலியுறுத்தி எழுதினார். அதன்பின்னரே, தாம் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றார். உரிமையைத் துறப்பது அவருடைய சுதந்தரம். அதை அவரிடமிருந்து பறிக்கச் சபைக்கு அதிகாரமில்லை. லூயிஸின் கடிதம் அழகாயிருப்பதற்குக் காரணம், அவருக்குமுன் சாராவின் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்ததே. உழைப்பவர் தம் உழைப்பைக் காணிக்கையாகத் தரலாம். பெற்றுக்கொள்ளுகிறவர் அதைக் கடனென்றே எண்ணவேண்டும்.

ஆகையால் இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ முதன்முதல் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியையின் பெயரை விசாரித்து அறியுங்கள். அவருக்குக் கிடைப்பது என்ன, ஒருவராய் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், அவருடைய சொந்தக் குழந்தையை அந்நேரத்தில் யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். நம் சபையின் பாலர் வகுப்பிலிருந்தே அந்த விசாரணை தொடங்கட்டும். பெயர் சொல்லி ஜெபிக்கும் ஜெபத்திலே அந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளை அணைத்துக்கொண்ட ஆண்டவர், அவர்களை அணைக்கும் கரங்களை மறவாதிருப்பாராக. மறக்கிற நமக்கு அவர்களை நினைப்பூட்டுவாராக. ஆமென்.