முட்டத்துப் பாறைகள்

நாகர்கோவிலிலிருந்து தென்மேற்காகக் கடலை நோக்கிச் செல்லும் வழியில் வயல்களும் தென்னந்தோப்புகளும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும். பிறகு நிலத்தின் நிறம் மாறும். குங்குமம் கொட்டியது போன்ற செம்மணல் தேரி தோன்றும். அதனையும் கடந்தால் கரும்பாறைகள் கடலுக்குள் நீண்டு, ஒரு சிறு முனையாக அலைகளை எதிர்த்து நிற்கும். இதுவே முட்டம். 1981-இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' திரைப்படம் இந்தப் பாறைகளைத் தமிழகம் முழுவதற்கும் காட்டியது. அதற்கு முன் இவ்வூரை அறிந்திருந்தோர் மீன் வணிகரும், கலங்கரை விளக்கத்தைத் தேடிய மாலுமிகளும், மறைபரப்பு வரலாற்றை எழுதியோருமே என்றால் மிகையாகாது.

பாறைகளைக் காண வருவோருள் சிலர், இவை எரிமலை கக்கிய குழம்பு உறைந்து உண்டானவையோ என்று எண்ணுவதுண்டு. கருநிறமும், பிளவுபட்ட முகங்களும், கடலோரத்து அமைப்பும் அவ்வாறு எண்ண வைக்கின்றன. குமரிக்கண்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தீயும் கடலும் சேர்ந்து ஒரு நிலத்தை விழுங்கிய காட்சியைக் கற்பனை செய்வது எளிது. ஆனால் பாறை சொல்லும் செய்தி வேறு.

நாஞ்சில் நாட்டுப் பாறைகள் பெரும்பாலும் உருமாறிய பாறைகள். நிலத்தின் மேற்பரப்பில் வழிந்து ஆறியவை அல்ல. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து மாறியவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிக்காவும் ஒரே பெருநிலமாக இணைந்துகொண்டிருந்த காலத்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது. மேலே கிடந்த மலைகளை மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துத் தீர்த்த பின்னரே, அடியில் கிடந்தவை வெளிச்சத்தைக் கண்டன. பாறையை உற்று நோக்கினால் சில இடங்களில் மாதுளை விதை போன்ற சிவந்த மணிகள் தெரியும். அவை கார்னெட் என்னும் கனிமம்.

இப்பகுதியில் மிகுதியாக உள்ள ஒரு வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். அப்பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தா நகரின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறை, அந்நகரின் தூய யோவான் ஆலய வளாகத்தில் உள்ளது. அதன் மேற்கல், நம் சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையிலிருந்து சென்றது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நில இயலார், அங்கே துயில்பவரின் பெயரையே பாறைக்கும் இட்டார். தமிழ் மண்ணின் கல்லுக்கு வங்கத்தில் புதைக்கப்பட்ட ஆங்கிலேயர் பெயர்! கல்லுக்கு இதில் வருத்தமில்லை. நமக்குச் சற்று உண்டு.

உண்மையான எரிமலை முனை எப்படியிருக்கும் என்பதை விவிலியம் வாசிப்போர் அறியாமலே கடந்து சென்றிருப்பர். திருத்தூதர் பணிகள் நூலின் 28-ஆம் அதிகாரத்தில், உரோமைக்குக் கைதியாகச் செல்லும் பவுல் புத்தெயோலி என்னும் துறையில் கரையிறங்கி, அங்கிருந்த சகோதரர்களோடு ஏழு நாள் தங்குகிறார். இன்று பொத்சுவோலி எனப்படும் அந்நகரம், நேப்பிள்ஸ் வளைகுடாவில் ஒரு மாபெரும் எரிமலைக் குழியின் மேலேயே அமர்ந்திருக்கிறது. அலெக்சாந்திரியக் கப்பல்கள் தானியத்தையும், நம் மேற்குக் கரையின் மிளகையும் இறக்கிய துறை அது. அங்குள்ள பழைய சந்தைக் கட்டடத்தின் மூன்று தூண்களில், ஆள் உயரத்திற்கும் மேலே, கடற்சிப்பிகள் துளைத்த வடுக்கள் உள்ளன. நிலம் கடலுக்குள் தாழ்ந்து மீண்டும் எழுந்ததற்கு அவையே சான்று. 1538-இல் நகரருகே ஒரு வார காலத்தில் புதிய குன்று ஒன்றே எழுந்தது. 1982 முதல் 1984 வரை நிலம் ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்ததால் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். அண்மை ஆண்டுகளிலும் அந்நகர் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

முட்டத்துப் பாறை அவ்வாறு மூச்சு விடுவதில்லை. இங்கே நிலையற்றவை கடலும், மணலும், மனிதர் எழுதும் ஆணைகளுமே.

ஊர்ப்பெயரைப் பற்றி ஒரு சொல். கடலில் முட்டி நிற்பதால் முட்டம் என்று விளக்கம் கூற யாருக்கும் ஆசை எழும். ஆனால் கோவைக்கு அருகிலும் முட்டம் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்தின் பழந்தமிழ்ப் பெயரும் திருமுட்டமே. அங்கெல்லாம் முட்டுவதற்குக் கடல் இல்லை. எனவே இவ்விளக்கத்தை நாம் வற்புறுத்துவதற்கில்லை.

இக்கரையின் மக்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் தெளிவான செய்திகளுள் முதன்மையானவை புனித சவேரியாரின் மடல்களில் உள்ளன. 1544 ஜூனில் வடுகர் எனப்பட்ட வடக்கத்திப் படையினர் முத்துக்குளித்துறையைச் சூறையாடியபோது, அங்குள்ள கிறித்தவர்கள் குமரிமுனையின் பாறைகளில் தஞ்சம் புகுந்தனர். உணவும் நீரும் இன்றி அவர்கள் மடிவதைக் கேள்வியுற்ற சவேரியார், இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை முன்னேற விடவில்லை. துடுப்பு வலித்தும் பயனின்றி மணப்பாட்டுக்குத் திரும்பினார். பின்னர் தரைவழியே நடந்து அவர்களிடம் சென்றார். பாறை அவர்களைப் படையினின்று காத்தது; ஆனால் ஒரு குவளை நீரை அதனால் தர இயலவில்லை. வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியை இரண்டு வரிகளில் கடந்துவிடுகின்றன. நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. அப்பாறைகளின் மேல் கிடந்த தாய்மாரின் பெயர் ஒன்றேனும் எம்மடலிலும் இல்லை.

அவ்வாண்டின் இறுதியில் சவேரியார் வேணாட்டு அரசனின் இசைவோடு மேற்குக் கரைக்கு வந்தார். பூவாரிலிருந்து பள்ளம் வரையிலான முக்குவர் ஊர்களில், ஒரே மாதத்தில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545 ஜனவரி 27-இல் கொச்சியிலிருந்து எழுதினார். கொல்லங்கோடு, வள்ளவிளை, தூத்தூர், இனயம், மிடாலம், குளச்சல், கடியபட்டணம் ஆகியவற்றோடு முட்டமும் அவ்வூர்களுள் ஒன்று. ஒரு மாதத்தில் பதினாயிரம் பேர் நம்பிக்கையின் பொருளை எவ்வளவு உணர்ந்திருப்பர் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. வடுகர் படையின் அச்சம், போர்த்துக்கீசியரின் கடல் வலிமை, அரசனின் அரசியல் கணக்கு, சாதியின் அடித்தட்டில் கிடந்தோரின் ஏக்கம் ஆகிய அனைத்தும் அந்த மாதத்தில் கலந்திருந்தன. ஆயினும் ஒரு செய்தியைக் கருத வேண்டும். திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அவரது புதிய பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சவேரியார் குறிப்பிடுகிறார். வலையையும் மரத்தையும் அன்றி வேறு சொத்தில்லாத ஒருவன், தன் பெயர் எழுதிய ஏட்டைக் கையில் பிடித்து நின்ற காட்சியை எண்ணிப் பார்க்கலாம்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1741-இல் அருகிலுள்ள குளச்சலில் மார்த்தாண்ட வர்மர் டச்சுப் படையை வென்றார். 1930-இல் கோட்டாறு மறைமாவட்டம் பிறந்தது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது.

மணலின் கதை இத்தனை சுருக்கமானதன்று. பாறைகள் கரைந்து, ஆறுகள் சுமந்து, அலைகள் சலித்துச் சேர்த்த கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் ஆகியவை உள்ளன. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். முட்டத்திற்கு அடுத்துள்ள மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. அந்நாளில் மோனசைட்டிலிருந்து பெறும் தோரியம், எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. நம் தேர்பவனிகளில் தலையில் சுமந்துசென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்ணொளியும் அதே தனிமத்தினுடையதே. பின்னர் தோரியம் அணு ஆற்றலுக்குரிய பொருளாயிற்று. ஆலை நடுவண் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. கதிரியக்கத்தைப் பற்றிய அச்சமும், மணல் குறைந்தால் கடல் ஊருக்குள் வரும் என்ற கவலையும் கடற்கரையில் அன்றாடப் பேச்சு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்தை 2024-இல் கடலோர ஊர்கள் எதிர்த்து நின்றன. நாட்டிற்குக் கனிமம் வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. அதன் விலையை ஒரே மக்கள் தலைமுறைதோறும் செலுத்த வேண்டுமா என்பதே வழக்கு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் மாண்டனர். தாழ்ந்த மணற்கரைகளான குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகியவற்றில் துயரம் பெரிது. மணக்குடிப் பாலத்தையே கடல் பெயர்த்தெறிந்தது. கரையின் உயரமும் தாழ்வும் உயிரின் கணக்காக மாறிய காலை அது. அதன்பின் கட்டப்பட்ட கற்சுவர்களும் தூண்டில் வளைவுகளும் ஓரிடத்தைக் காத்து அடுத்த இடத்தின் மணலைப் பறிப்பதாக மீனவர் முறையிடுகின்றனர். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கரையோரமாக நகரும் மணலை ஓரிடத்தில் தடுத்தால், மறுபுறம் பட்டினி கிடக்கும்.

முட்டத்தின் பெயரை உலகின் மீன்பிடித் தொழில் நூல்களில் பதித்தது பாறையுமன்று, திரைப்படமுமன்று. ஒரு படகுக் கூடம். வள்ளம் குடையும் பெருமரங்கள் அரிதாகி விலை ஏறிய காலத்தில், பெல்ஜியரான பியேர் ஜில்லே, கோட்டாறு மறைமாவட்டச் சமூகப் பணியின் துணையோடு, இங்கே ஒட்டுப்பலகைப் படகுகளைச் செய்து பார்த்தார். பலகைகளைக் கம்பியால் தைத்து, பிசினும் கண்ணாடி இழையும் கொண்டு ஒட்டும் முறை அது. உள்ளூர்த் தச்சரும் மீனவரும் குறை சொல்லச் சொல்ல, வடிவம் பலமுறை மாறியது. அலை உடையும் கரையிலிருந்து தள்ளவும், பாறைக்கிடையே திருப்பவும், இயந்திரம் பொருத்தவும் ஏற்றதாக 1980-களின் தொடக்கத்தில் 'பிளைவள்ளம்' உருவாயிற்று. சிறியதே அழகு என்று ஷூமாக்கர் எழுதியிருக்க, ஜில்லே 1985-இல் தம் பட்டறிவை நூலாக்கியபோது, சிறியது கடினமானது என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். அந்தப் படகின் வழித்தோன்றல்கள் பின்னர் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் ஆயிரக்கணக்கில் கடலிறங்கின.