ஹாரியட்டின் மலையடியில் ஒரு தூரிகை: அக்ரிலிக் வண்ணத்தின் வரலாறும் முதல் பாடமும்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில் வாழும் தமிழ் மாணவி ஒருவர் சென்ற வாரம் எனக்கு எழுதியிருந்தார். "ஐயா, எங்கள் ஊரில் ஓவியம் கற்றுத்தர எனக்குத் தெரிந்து எவரும் இல்லை. அக்ரிலிக் வண்ணம் வாங்கித் தானாகவே கற்க இயலுமா? அது முறையான ஓவியம் ஆகுமா?" என்பது அவரது வினா. இரண்டு வரியில் விடை கூறியிருக்கலாம். ஆயினும் அவ்வினாவுக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சாத்தம் துறையிலிருந்து படகேறிப் பாம்பூஃப்ளாட்டில் இறங்குவோர், ஊரின் பின்னே எழும் பசுமலையைக் காண்பர். 2021ஆம் ஆண்டு மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றப்படும்வரை அது ஹாரியட் மலை என்றே வழங்கியது. 1862 முதல் 1864 வரை அந்தமான் தண்டனைக் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த இராபர்ட் டைட்லரின் மனைவியே அந்த ஹாரியட். அவர் ஓவியர், புகைப்படக் கலைஞர், தில்லி அரண்மனையைப் பேரளவில் தீட்டியவர். மலை ஓர் ஓவியரின் பெயரைத் தாங்கியிருந்த காலத்தில், அதன் அடியில் உழைத்தவர்கள் கைதிகள். அவர்களுள் வரைய விரும்பியோர் இருந்திருப்பினும் அவர்களது கைக்கு வண்ணம் எட்டியிருக்காது. வண்ணம் யாருடைய கைக்கு எட்டுகிறது என்பதே கலை வரலாற்றின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று.

எந்த வண்ணமும் இரு பொருள்களின் சேர்க்கையே. ஒன்று நிறந்தரும் பொடி. மற்றொன்று அப்பொடியைப் பரப்போடு பிணைக்கும் பசை. தஞ்சாவூர் ஓவியர் பிசினையும் புளியங்கொட்டைப் பசையையும் நம்பினர். ஐரோப்பியர் ஆளிவிதை எண்ணெயை நம்பினர். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலரும். உலர உலரக் காற்றோடு வினைபுரிந்து இறுகும். அதனைக் கலக்கவும் அடுக்கவும் அறிவு வேண்டும். அவ்வறிவு நெடுங்காலம் ஆசானின் பட்டறைக்குள்ளேயே இருந்தது. 1841ஆம் ஆண்டு ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயைக் கண்டுபிடித்த பின்னரே எண்ணெய் வண்ணம் எளிதாகக் கடல் கடந்தது. குழாய் கடந்தது, கற்பிக்கும் மனம் கடக்கவில்லை. 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன், இளைஞரான இரவிவர்மாவுக்குப் பாடம் சொல்ல மறுத்தார். தாம் வரைவதைப் பார்க்க மட்டும் இசைந்தார். அரண்மனை ஓவியரான இராமசாமி நாயுடுவும் கற்றுத்தர மறுத்ததாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இரவிவர்மா பார்த்துப் பார்த்தே கற்றார். ஆசான் இன்றித் தொடங்கியோர் வரிசையில் அவரும் உண்டு என்பதை மாணவி நினைவிற் கொள்க.

அக்ரிலிக்கின் கதை ஓவியக் கூடத்தில் தொடங்கவில்லை; வேதியியல் ஆய்வகத்தில் தொடங்கியது. 1901ஆம் ஆண்டு ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் அக்ரிலிக் அமிலச் சேர்மங்களைக் குறித்து முனைவர்ப் பட்ட ஆய்வேடு அளித்தார். பின்னர் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழியே கண்ணாடி போன்ற நெகிழிப் பலகை பிறந்தது. ஓவியர்களோ வேறொரு தேவையோடு தேடிக்கொண்டிருந்தனர். பொதுமக்கள் காணும் வெளிச்சுவர்களில் வெயிலையும் மழையையும் தாங்கும் வண்ணம் வேண்டும் என்பது மெக்சிகோ சுவரோவியர்களின் வேட்கை. 1936இல் சிக்கெய்ரோஸ் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் தொழிற்சாலை வண்ணங்களைச் சோதித்தார்; இளம் ஜாக்சன் பொல்லாக் அதில் பங்கேற்றார். 1940களின் பிற்பகுதியில் லெனார்ட் போக்கூரும் சாம் கோல்டனும் டர்பன்டைனில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை உருவாக்கினர். 1950களின் நடுப்பகுதியில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஹென்றி லெவிசன் நீரில் கரைத்துத் தீட்டும் அக்ரிலிக்கை லிக்விடெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். 1963இல் பிரித்தானியாவின் ரௌனி நிறுவனம் தன் வண்ணத்தை வெளியிட்டது. எண்ணெயும் டர்பன்டைனும் வேண்டாம், நீர் போதும் என்ற அம்மாற்றமே தனியே கற்பவருக்கு வாயிலைத் திறந்தது.

இனி முதல் பாடம். அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய நெகிழித் துகள்களின் பால்மம். நீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகும், பிறகு கரையாது. இவ்வொரு செய்தியிலிருந்து எல்லா விதிகளும் பிறக்கின்றன. தூரிகையை உலர விட்டால் அது கல்லாகும். ஆதலால் வரையும்போது நீரில் வைத்திருங்கள், முடிந்ததும் கழுவுங்கள். பால்மம் ஈரத்தில் வெண்மையாகவும் உலர்ந்தபின் தெளிவாகவும் இருக்கும். ஆதலால் நிறம் உலர்ந்தபின் சற்றே ஆழ்ந்து தோன்றும். நீரை மிகுதியாகக் கலந்தால் பிணைப்பு நலியும். எண்ணெய்ப் பசை படிந்த பரப்பில் அக்ரிலிக் ஒட்டாது. உலர்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும்.

இருபத்து நான்கு நிறப் பெட்டி தேவையில்லை. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், ஒரு பழுப்பு ஆகிய ஐந்தும், தட்டையான தூரிகை ஒன்றும், நுனி கூரிய தூரிகை ஒன்றும், தடித்த தாளும் போதும். வெள்ளையும் பழுப்பும் மட்டும் கொண்டு ஒரு தேங்காயை ஒளி, நிழல் தோன்ற வரைந்து பழகுங்கள். இருநிற ஓவியம் கைவந்தபின் கடலுக்குச் செல்லலாம். பாம்பூஃப்ளாட்டின் ஈரக்காற்றில் வண்ணம் சற்றே தாமதித்து உலரும். வறண்ட ஊர்களில் தொடக்கநிலையாளரைத் துரத்தும் விரைவு உங்களைத் துரத்தாது. ஆனால் வெப்பத்தில் அக்ரிலிக் படலம் மென்மையாகும் இயல்புடையது. ஓவியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஈரச் சுவரில் சாய்த்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். அக்ரிலிக் நெகிழியே. தூரிகை கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றினால் அது கடலைச் சேரும். தீவில் அதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. முதலில் பழந்துணியால் தூரிகையைத் துடையுங்கள். பின் வாளியில் கழுவுங்கள். கலங்கல் அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து, படிவை உலர்த்திக் குப்பையில் இடுங்கள். எல்லோர் கைக்கும் எட்டிய வண்ணம் மீன்களின் வயிற்றுக்கும் எட்டுவது நீதியன்று.

முறையான ஓவியம் ஆகுமா என்று கேட்டீர்கள். பசை எதுவாயினும் கண்ணும் கையும் ஒன்றே. பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் உங்கள் ஊர் மலையிலிருந்து காணும் வடக்கு விரிகுடாவின் தென்னைகளும் கடலும் அச்சாகியிருந்தன. அக்காட்சியை நாடு முழுவதும் கையில் வைத்திருந்தது. அதை அம்மலையடியில் வாழும் ஒருவர் தம் கண்ணால் கண்டு, தம் கையால் தீட்ட வேண்டிய காலம் இது. தொடங்குங்கள், முதல் ஓவியத்தை எனக்கும் அனுப்புங்கள்.